கூரைப் பீலியின் இணைப்பு ஏன் ஒழுகுகிறது?

மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். கூரையும் வடிந்து முடிந்திருக்கும். ஆனாலும் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அண்ணாந்து பார்த்தால் அது அநேகமாக ஓர் இணைப்பாகத்தான் இருக்கும். கூரையிலிருந்து வழியும் நீரை ஏந்தி ஓரமாகக் கொண்டுபோகும் நீண்ட தொட்டியை இலங்கையில் பீலி என்பார்கள். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கட்டர் என்பார்கள். தகரமோ பிளாஸ்டிக்கோ, அது துண்டு துண்டாகத்தான் வருகிறது. இரும்புத் தகடு எட்டடி நீளம், பி.வி.சி. பீலி பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மீட்டர். முப்பதடிக் கூரை என்றால் இரண்டு மூன்று இணைப்புகளாவது தவிர்க்க முடியாது.

ஒழுகும் இணைப்புக்கு நாம் வழக்கமாகச் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. சிமென்ட் பால் ஊற்றுவோம், தார் பூசுவோம், இரண்டு களிகளைப் பிசைந்து ஒட்டும் எம்-சீலை அப்புவோம். அந்த மழைக்காலம் தாங்கும். அடுத்த கோடை தாண்டியதும் அதே இடத்தில் மறுபடி சொட்டும். பழி பூசிய பொருளின் மேல் விழும். உண்மையில் பெரும்பாலான இணைப்புகள் தோற்பதற்குக் காரணம், ஓயாமல் அசையும் ஒன்றை அசையாத பொருளாக எண்ணி அடைத்துவிடுவதுதான். நீரைத் தடுத்துக்கொண்டே அசைவுக்கு இடம் கொடுக்கும் இணைப்பு மட்டுமே நீடிக்கும்.

இது சிறிய சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் நீர். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ. அங்கே 50 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 70,000 லிட்டர் விழுகிறது. 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சாய்ந்த கூரை உள்ள வீட்டில் அந்த நீரைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ கொண்டுசேர்க்கும் முதல் வழி பீலிதான். வினாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலும் ஒரு நாளில் நான்கு லிட்டருக்கு மேல் போகும். இழந்த நீரைவிட அது விழும் இடம் தரும் தொல்லை பெரிது. சுவரின் அதே அடிப்பகுதி, மரச்சட்டத்தின் அதே முனை, மழை தோறும் நனைந்து ஊறிக்கொண்டே இருக்கும்.

எதிர்த்திசையில் ஏறும் நீர்

இரண்டு பீலித் துண்டுகளைச் சேர்க்கும்போது, நீர் வரும் பக்கத்துத் துண்டின் முனை, நீர் போகும் பக்கத்துத் துண்டின் மேலே உள்ளடங்கி அமர வேண்டும். ஓடு வேய்வதும் இதே முறையில்தான். நீர் மேல்தகட்டின் விளிம்பைத் தாண்டி அடுத்த தகட்டில் இறங்கி ஓடிவிடும். அப்படியென்றால் இரண்டங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்த தகடுகளுக்கு அடைப்பே தேவையில்லையே என்று தோன்றும். ஒழுக வேண்டுமானால் நீர் ஓட்டத்துக்கு எதிராகத் திரும்பி, இடுக்கு வழியே இரண்டங்குலம் பயணம் செய்ய வேண்டும்.

அது செய்கிறது. நீரின் மூலக்கூறுகள் தகட்டின் பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. அவற்றை ஒட்டி நிற்கும் மற்ற மூலக்கூறுகளையும் இழுத்துக்கொண்டு முன்னேறுகின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விசையால்தான். இதை நுண்புழை ஏற்றம் என்கிறோம். இடுக்கு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு வலுவாக இழுக்கும். நன்றாக நனையும் பரப்புகளுக்கு இடையே 1 மி.மீ. இடைவெளி இருந்தால் நீர் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் ஏறும். இடைவெளி 0.1 மி.மீ. ஆனால் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும். இறுக்கி வைத்த இணைப்பு அடைப்பில்லாமலே நிற்கும் என்ற நம்பிக்கையை இந்தக் கணக்கு உடைத்துவிடுகிறது. இறுக்க இறுக்க இழுவிசைதான் கூடுகிறது.

பீலியின் சாய்வோ மிகக் குறைவு. மீட்டருக்கு 2 முதல் 5 மி.மீ. வரைதான் கொடுப்பார்கள். ஆகவே இடுக்கில் நுழையும் நீர் செங்குத்தாக ஏற வேண்டியதில்லை. ஏறக்குறையச் சமதளத்தில் நகர்ந்தாலே போதும். மறுமுனையை எட்டியபின், பீலிக்குள் நிற்கும் நீரின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளுகிறது. சொட்டு விழத் தொடங்குகிறது. மழை நின்ற பிறகும் இடுக்கில் சிக்கிய நீர் எளிதில் காய்வதில்லை. காற்றோட்டம் இல்லாமல் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும் அந்த இடத்தில் இரும்புத் தகட்டின் துத்தநாகப் பூச்சு வெண்துருவாகப் பூத்து உதிரும். அதன்பின் இரும்பு அரிக்கும். இணைப்பு வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே தகடு ஓட்டையாகிக்கொண்டிருப்பது இப்படித்தான். இடுக்கின் முழு அகலத்தையும் ஏதாவது ஒரு பொருளால் நிரப்பி, நீர் நுழையவே இடமில்லாமல் செய்வது இதற்கெல்லாம் ஒரே பதில்.

நாள்தோறும் நீண்டு சுருங்கும் தகடு

நிரப்பும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்பதை வெயில் முடிவு செய்கிறது. மார்கழி விடியலில் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் தகடு, சித்திரை நண்பகலில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இந்த 40 டிகிரி வேறுபாட்டில் 10 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பீலி சுமார் 5 மி.மீ. நீளும். அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு, சுமார் 9 மி.மீ. நீளும். பி.வி.சி. சுமார் 28 மி.மீ.; அதாவது ஓர் அங்குலத்துக்கும் அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை நடந்து முடிவதில்லை இது. இதன் ஒரு பங்கு ஒவ்வொரு பகலிலும் இரவிலும் நடக்கிறது.

கோடை மழையின்போது நடப்பதுதான் மிகக் கடுமையானது. பகலெல்லாம் காய்ந்த தகட்டின் மேல் மாலையில் திடீரென்று குளிர்ந்த மழை கொட்டுகிறது. சில நிமிடங்களில் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் இறங்குகிறது. தகடு விருட்டென்று சுருங்குகிறது. துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கின்றன. இணைப்பு அகலமாகத் திறக்கும் தருணமும் நீர் வந்து சேரும் தருணமும் ஒன்றாகிவிடுகின்றன. வெயிலில் நின்று பார்த்தால் விரிசலே தெரியாத இணைப்பு மழையில் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அசையவே விடாமல் இரு முனையையும் சுவரில் புதைத்துவிட்டால்? அரை மில்லிமீட்டர் கனமும் விரித்தால் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரும்புத் தகட்டை எடுத்துக்கொள்வோம். 40 டிகிரி சூட்டில் அதை நீளவிடாமல் பிடித்து வைக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 2 டன் எடைக்கு நிகரான விசை தேவை. அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே மெல்லிய தகடு நெளிந்துவிடும், துண்டுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகள் நீள்வட்டமாகும், அடைப்பு கிழியும். வெப்ப விரிவைப் பலத்தால் வெல்ல முடியாது. அதற்கு வழிவிடத்தான் முடியும்.

மேலே பூசுவதா, நடுவே வைப்பதா?

இங்கேதான் நம் ஊரில் பெரும்பாலான வேலைகள் தவறிப்போகின்றன. இரண்டு தகடுகளையும் வெறுமனே சேர்த்து ரிவெட் அடித்துவிட்டு, உள்ளே தெரியும் விளிம்பின்மேல் ஒரு கோடு பசை இழுத்துவிடுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பூச்சின் நிலையை யோசித்துப் பாருங்கள். விளிம்புக்கு இருபுறமும் அது தகட்டோடு இறுக ஒட்டியிருக்கிறது. விளிம்பின் இடுக்கு ஒரு மயிரிழை. அந்த மயிரிழை 1 மி.மீ. ஆக விரியும்போது, அதற்கு நேர் மேலே உள்ள மெல்லிய கீற்று மட்டுமே முழு இழுவையையும் தாங்க வேண்டும். தன் அகலத்தைப்போல் பல மடங்கு நீளச் சொன்னால் எந்தப் பசையும் கிழியத்தான் செய்யும்.

அதே 1 மி.மீ. அசைவை 5 மி.மீ. அகலமுள்ள, அடியில் ஒட்டாத ஒரு பட்டை ஏற்றுக்கொண்டால், அது ஐந்தில் ஒரு பங்குதான் நீள வேண்டும். நல்ல சிலிக்கோன் அடைப்பு தன் அகலத்தில் 25 விழுக்காடு வரை நீளவும் ஒடுங்கவும் தாங்கும். ஆக, எதிர்பார்க்கும் அசைவைப்போல் குறைந்தது நான்கு மடங்கு அகலம் வேண்டும் என்பது எளிய கணக்கு.

ஏற்கெனவே உள்ள விரிசலைச் சரிசெய்யும்போது இந்தக் கணக்கை அப்படியே பயன்படுத்தலாம். விரிசலின் மேல் முதலில் அடைப்புப் பொருள் பிடிக்காத வழுவழுப்பான நாடா ஒன்றை ஒட்ட வேண்டும். அதற்கு இருபுறமும் அகலமாகத் தாண்டும்படி அடைப்புப் பொருளைப் பூச வேண்டும். நாடாவின் மேல் உள்ள பகுதி தகட்டில் ஒட்டாமல் விடுபட்டு நிற்பதால், அசைவு அந்த அகலம் முழுவதும் பரவிவிடும்.

புதிதாகச் செய்யும்போது அடைப்பு, இரண்டு தகடுகளுக்கும் நடுவே இருக்க வேண்டும். குறைந்தது 5 சென்டிமீட்டர் ஏறி அமரும் இணைப்பில், இரு ஓரங்களையும் ஒட்டி இரண்டு கோடுகளாக வைப்பது நல்லது. பிறகு மேல்தகட்டை அழுத்தி, அந்தக் கோடுகள் வழியாகவே ரிவெட் அடித்தால் ரிவெட் துளைகளும் அடைபடும். இப்படி ரிவெட்டால் பிணைத்த துண்டுகள் ஒரே உடலாகிவிடுவதால் அந்த இணைப்பில் அசைவு மிகக் குறைவு. ஆனால் அசைவு மறைந்துவிடவில்லை. பீலியின் முனைக்குப் போய்விட்டது. ஆகவே ஒரு முனையாவது சுவரில் முட்டாமல் விடுபட்டிருக்க வேண்டும். தாங்கிகள் பீலியை வழுக்கி நகர விட வேண்டும். மிக நீண்ட கட்டடங்களில் சுமார் 12 மீட்டருக்கு ஒரு முறை, விரிவுக்கென்றே தனி இடைவெளி விட்டு அமைப்பார்கள்.

அடைக்கும் பொருள்களின் குணம்

முன்பெல்லாம் தகரவேலை செய்வோர் இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். உப்புத் திராவகத்தால் பரப்பைச் சுத்தம் செய்து, நவச்சாரத்தில் தேய்த்த செம்பு முனையைக் காய்ச்சி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றை உருக்கி ஓடவிடுவார்கள். பாதிக்குப் பாதி அளவில் கலந்தால் அந்தக் கலவை 220 டிகிரிக்குள் உருகிவிடும். உருகியதும் அதே நுண்புழை விசையால் இடுக்குக்குள் தானே ஓடி நிரம்பும். எந்த விசை ஒழுக்குக்குக் காரணமோ அதையே அடைப்புக்குப் பயன்படுத்திய அருமையான கைவினை அது. இன்று அதற்கு ஒரு தடை உண்டு. சுத்தமான மழைநீர்கூடச் சற்று அமிலத்தன்மை கொண்டது; அதன் பி.எச். சுமார் 5.6. உப்புகள் குறைந்த அந்த நீர் ஈயத்தை மெல்லக் கரைக்கும். குடிக்கவும் சமைக்கவும் சேமிக்கும் நீர் ஈயப்பற்றின் மேல் ஓடக்கூடாது. மேலும் அலுமினியத்தின் மேல் எப்போதும் படிந்திருக்கும் ஆக்சைடு படலம் இந்தப் பற்றை ஏற்காது. அலுமினியம் புழக்கத்துக்கு வந்தபின் பசை வகை அடைப்புகள் இன்றியமையாதவை ஆயின.

சிமென்ட் கல்போல் இறுகும். ஆனால் இழுவிசையைத் தாங்காது. மிகச் சிறிய நீட்சியிலேயே விரிசல் விடும். எம்-சீல் போன்ற எபாக்சி களியும் இறுகியபின் விறைத்துவிடும். அசையாத குழாய் மூட்டுக்கு அது பொருத்தமான பொருள், பீலிக்கு ஏற்றதில்லை. தார் முதலில் நெகிழ்வாக இருக்கும். வெயில் அதை இளக்கி வழியவிடும். காற்றும் ஒளியும் சேர்ந்து ஆண்டுகள் போகப்போக அதை இறுகச் செய்து பாளம் பாளமாக வெடிக்க வைக்கும்.

சிலிக்கோனின் பலம் அதன் முதுகெலும்பில் இருக்கிறது. பெரும்பாலான பிளாஸ்டிக்குகளும் ரப்பர்களும் கார்பன் அணுக்களின் சங்கிலிகள். சிலிக்கோனோ, சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சங்கிலி. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பிணைப்பு. சூரியனின் புற ஊதாக் கதிர்களால் அதை எளிதில் அறுக்க முடியாது. அந்தச் சங்கிலி சுலபமாக வளைந்து கொடுப்பதால் கடுங்குளிரிலும் கடுவெயிலிலும் ரப்பர் தன்மை குறையாது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஃபிரெடரிக் கிப்பிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சேர்மங்களை ஆராய்ந்தார். 1940இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் யூஜின் ரோகோ கண்டறிந்த முறைதான் இவற்றைப் பேரளவில் தயாரிக்க வழி திறந்தது.

கடையில் சிலிக்கோன் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். குழலிலிருந்து வெளிவரும் சிலிக்கோன், காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்தே இறுகுகிறது. விலை குறைந்த பொதுவகைக் குழல்கள் பல, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகர் நெடி அடிப்பது அதனால்தான். அந்த அமிலம் தகட்டின் துத்தநாகப் பூச்சைத் தின்னும். ஒட்டிய பரப்பே கரைந்துபோனால் பசை எதைப் பற்றி நிற்கும்? தகரப் பீலிக்கு வாங்க வேண்டியது "நியூட்ரல்" என்று அச்சிட்ட வகை. இது தவிர, பியூட்டைல் ரப்பர் நாடாவும் நல்ல தேர்வு. இறுகாமல் எப்போதும் பிசுபிசுப்பாகவே இருப்பதும், நீரையும் காற்றையும் மிக அரிதாகவே ஊடுருவவிடுவதும் அதன் சிறப்பு. இரண்டு தகடுகளுக்கு நடுவே, வெயில் படாத இடத்தில் அது நெடுங்காலம் உழைக்கும்.

ஆணியும் கவனிக்க வேண்டியதுதான். ஈரத்தில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கவைக்கும் மின்கலமாகிவிடும். அலுமினியப் பீலியில் செம்பு அல்லது பித்தளை ஆணி அடித்தால் ஆணி பிழைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள அலுமினியம் அரிக்கும். அலுமினியத்துக்கு அலுமினிய ரிவெட்டே சரி.

பி.வி.சி. பீலிக்கு வேறு வழி

ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும் பொருளைப் பசையால் கட்டிப்போட இயலாது. அதனால் பி.வி.சி. பீலியைத் தயாரிப்போர் வேறு உத்தியைக் கையாண்டார்கள். இரண்டு துண்டுகளின் முனைகளும் ஒரு தனி இணைப்பானுக்குள் அமரும். இணைப்பானின் உட்புறத்தில் ரப்பர் பட்டை இருக்கும். பீலியைச் சொடுக்கிப் பொருத்தும்போது ரப்பர் நசுங்குகிறது; பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த எதிர்விசையே நீரைத் தடுக்கிறது. ஒட்டு எதுவும் இல்லாததால் பீலி ரப்பரின் மேல் முன்னும் பின்னும் வழுக்கி நகரலாம். இந்தப் பட்டைக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரே ஏற்றது. இயற்கை ரப்பரின் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றின் ஓசோன் தாக்கி வெடிக்கச் செய்யும், ஈ.பி.டி.எம்.மின் முதுகெலும்பில் அந்தப் பலவீனம் இல்லை.

இப்படிப்பட்ட இணைப்பானில் பீலி எதுவரை நுழையலாம் என்று கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைத் தாண்டி முட்டத் தள்ளுவதுதான் நாம் செய்யும் பெரிய பிழை. மூன்று மீட்டர் துண்டை 30 டிகிரியில் பொருத்தினால், அது 60 டிகிரியில் 6 மி.மீ.க்கு மேல் நீளும். அந்த இடத்தை இப்போதே அடைத்துவிட்டால் கோடையில் பீலி வில்லாக வளைந்து தாங்கியை விட்டுக் கழன்றுவிடும். ரப்பர் எளிதில் அமர வேண்டுமானால் சோப்பு நீர் தடவினால் போதும், எண்ணெய் வேண்டாம்.

குழாய்க்குப் பூசும் சால்வென்ட் சிமென்டைப் பீலிக்கும் பூசுவோர் உண்டு. அது இரு பரப்புகளையும் கரைத்து, மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னவிட்டு ஒரே பிளாஸ்டிக்காக்கிவிடும். நீர் புகவே முடியாத இணைப்புதான். ஆனால் எல்லா இணைப்பையும் அப்படி ஒட்டினால் பத்து மீட்டரும் ஒரே துண்டாகி, முழு விரிவும் முனைகளில் வந்து நிற்கும். அப்படி ஒட்டும்போது இடையில் ஓர் இணைப்பையாவது ரப்பர் பட்டையோடு வழுக்கவிட வேண்டும்.

கையோடு செய்ய வேண்டியவை

பொருளைவிடப் பரப்பு முக்கியம். புதுத் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். பழைய தகட்டில் பாசியும் துருவும் பழைய பூச்சும் இருக்கும். இறுகிய பழைய சிலிக்கோன் மேல் புது சிலிக்கோன்கூட ஒழுங்காகப் பிடிக்காது. முழுவதும் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்து, துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பசையைத் தொட வேண்டும்.

நேரமும் பார்க்க வேண்டும். நண்பகலில் தகடு முழுக்க நீண்டிருக்கும்போது அடைத்தால், பிறகு அந்த அடைப்பு இழுபட்டுக்கொண்டே இருக்கும். விடியலில் அடைத்தால் நசுங்கிக்கொண்டே இருக்கும். பனி ஈரமும் ஒட்டைக் கெடுக்கும். காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், தகடு கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது அடைத்தால் இரு பக்க அசைவும் பாதிப்பாதியாகப் பிரியும். சிலிக்கோன் வெளியிலிருந்து உள்நோக்கி நாளுக்கு 2, 3 மி.மீ. ஆழமே இறுகும் என்பதால் ஒரு நாளாவது நீர் படாமல் விட வேண்டும்.

இணைப்புக்கு இருபுறமும் அருகிலேயே தாங்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். தாங்கி தூரத்தில் இருந்தால் நீரின் எடையில் இணைப்பு தொய்யும். தொய்ந்த இடத்தில் நீர் தேங்கும். வேப்பிலையும் முருங்கையிலையும் அங்கேயே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடைசியாக, வெளிவாயை அடைத்து ஒரு வாளி நீர் ஊற்றிக் கால்மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட வேண்டும். ஒழுக்கை மழை வந்து காட்டித்தரும்வரை விட்டுவைக்க வேண்டியதில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பே, ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒருவரை வைத்துக்கொண்டு, வீட்டுப் பீலியின் ஒவ்வோர் இணைப்பையும் ஒருமுறை பாருங்கள். வேலைக்கு ஆள் வைப்பதானால் அவரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்த இணைப்பு எவ்வளவு அசையும்? நீங்கள் வைக்கும் பொருள் அந்த அளவுக்கு இழுபட்டு மீளுமா? இரண்டுக்கும் சரியான பதில் கிடைத்த இணைப்பை ஆண்டுதோறும் பூச வேண்டிய தேவை வராது.